பல்வலிப் பதிவேடு

படைப் பயிற்சி முகாம் ஒன்றின் மருத்துவ அறையில் பதினான்கு ஆண்டுகள் எழுத்தராகப் பணியாற்றி, சார்ஜென்ட் நிலையில் ஓய்வுபெற்றவர் அவர். படையில் அவருக்கு வழங்கிய பெயர் கார்பன். எந்தத் தாளில் எழுதினாலும் அடியில் ஒரு கார்பன் தாளை வைத்து நகல் எடுக்கும் வழக்கத்தால் வந்த பெயர். ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பின்னும் வழக்கமும் பெயரும் அவரை விடவில்லை. சலவைக் கடையில் நான்கு சட்டை போட்டாலும் ரசீதைத் தாமே எழுதுவார். அசலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நகலைக் கடைக்காரரிடம் நீட்டுவார்.

"கடை உங்களுதா, என்னுதா?" என்று சலவைக்காரர் ஒருமுறை கேட்டார்.

"கடை உங்களுது. சட்டை என்னுது" என்றார் கார்பன்.

மூன்றாம் மாடியில் இருந்த அவருடைய வீட்டின் முன்னறைச் சுவரில் ஒரே ஒரு சட்டம் தொங்கியது. அதற்குள் இருந்தது, தொடர்ந்து மூன்று தணிக்கைகளில் ஒரு பிழையும் காணப்படாத பதிவேடுகளைப் பராமரித்தமைக்காக முகாம் தளபதி வழங்கிய சான்றிதழ். அவருடைய மனைவி தலைமைத் தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரிக்கும் பகுதியின் மேற்பார்வையாளர். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தச் சட்டத்தைக் காட்டி, "எங்க கல்யாண போட்டோ அலமாரிக்குள்ள கிடக்கு. இவருக்கும் ரிஜிஸ்டருக்கும் நடந்த கல்யாணம்தான் சுவத்துல தொங்குது" என்பார். வந்தவர் சிரிப்பார். கார்பன் சிரிக்க மாட்டார். சட்டம் சற்றுச் சாய்ந்திருந்தால் நிமிர்த்தி வைப்பார்.

அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவரும் ஓராண்டு கட்டாயமாகத் தேசியப் பணி செய்ய வேண்டும். அதில் பணக்காரர், ஏழை, படித்தவர், படிக்காதவர் என்று எவருக்கும் விலக்கு கூடாது. இதனை அவர் நாள்தோறும் மாலை ஐந்தரை மணிக்கு, இரண்டு தெரு தள்ளியிருந்த பல் மருத்துவமனையின் பெஞ்சில் அமர்ந்து எடுத்துரைத்தார். கேட்பவர் ஒருவர்தான். அம்மருத்துவமனையை நடத்தியவரும், முன்னர் அதே முகாமில் ஐந்தாண்டுகள் பல் மருத்துவ அதிகாரியாக இருந்தவருமான டாக்டர். கடைசி நோயாளி படியிறங்கியதும் விவாதம் தொடங்கும்.

"தானா வந்து சேர்ந்தவனே மூணாவது வாரம் சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தான். நீ பிடிச்சு இழுத்துட்டு வரேங்கிற. அவன் என்ன ஆவான்?" என்பார் டாக்டர்.

"தானாவா? வேற வேலை கிடைக்காதவன் வந்தான், டாக்டர். அவன் தூங்கலேன்னா கேக்க நாதியில்ல. நாளைக்கே நீதிபதி வீட்டுப் பிள்ளை, பத்திரிகைக்காரர் வீட்டுப் பிள்ளை, மந்திரி வீட்டுப் பிள்ளை எல்லாம் ஒரே வரிசையில படுக்கட்டும். நாலாம் நாள் காலையில எல்லா வீட்டுல இருந்தும் போன் வரும். என் பிள்ளை தூங்குறானா, சாப்பிடுறானான்னு. அப்பத்தான் முகாம் உருப்படும்."

"ஒரு முகாம் உருப்படறதுக்கு ஊரையே கொண்டுபோய்ப் படுக்க வைக்கணுமா? முகாமைச் சரி பண்ணு. அப்புறம் ஊரைக் கூப்பிடு."

"இருபது வருஷமா சரி பண்ணுங்கன்னு சொல்லியாச்சு. சொன்னவன் யார் வீட்டுப் பிள்ளைன்னு பாத்துத்தானே காது திறக்குது?"

டாக்டர் விளக்கை அணைக்க எழுவார். "நாள் முழுக்க எல்லாரையும் வாயைத் திறங்க, வாயைத் திறங்கன்னு கெஞ்சுறேன். உன் ஒருத்தன்கிட்டதான் மூடுன்னு சொல்ல வேண்டியிருக்கு."

இருவரில் எவரும் ஓர் அங்குலம்கூட நகராத இந்த விவாதம் நான்கு ஆண்டுகள் நடந்தது. அதன்பின் அரசே ஒரு வரைவுச் சட்டத்தை வெளியிட்டது. கார்பன் கேட்டபடியே கட்டாயப் பணி, ஓராண்டு, விலக்கில்லை. மக்கள் கருத்தைக் கேட்க ஐவர் குழு ஒன்று ஊர் ஊராக வரும் என்ற அறிவிப்பும் வந்தது. கார்பன் பேச்சைத் தயாரிக்கத் தொடங்கினார். நகலோடுதான்.

குழுவின் விசாரணை நடப்பதற்கு ஒன்பது நாள் முன்பு, ஒரு புதன்கிழமை காலை, குழுவின் ஆய்வு அலுவலர் அவர் வீட்டுக்கு வந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும் பெண். தோளில் பை, கையில் தடித்த கோப்பு. சான்றிதழைப் பார்த்ததும் நின்று முழுமையாக வாசித்தார். அந்த வீட்டில் அதுவரை எவரும் அதை முழுமையாக வாசித்ததில்லை.

"பதினொரு முகாமோட மருத்துவப் பதிவேட்டைப் பாத்தேன், சார். பாதி கரையான் தின்னது, மீதி கையெழுத்து இல்லாதது. உங்களுது ஒண்ணுதான் முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் முழுசா இருக்கு" என்றார்.

கார்பனின் முகம் மலர்ந்தது. மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"அதனால உங்க முகாமையே குழு முன்மாதிரியா எடுத்துக்குது. ஐஞ்சு வருஷத்துல ஏழாயிரத்து இருநூத்திப் பதினாலு பதிவு. அதுல மன அழுத்தம், பயம், தூக்கமின்மை, இப்படி எதுவுமே இல்ல. ஒண்ணுகூட இல்ல, சார். பூஜ்ஜியம்."

கார்பன் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை.

"புதுத் திட்டத்துல ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு மனநல ஆலோசகர் இருக்கணும்னு முதல் வரைவுல இருந்துச்சு. இந்தப் பூஜ்ஜியத்தைப் பாத்துட்டு, நல்லா நடத்துற முகாம்ல அதுக்கு அவசியமே இல்லைன்னு அந்தப் பதவியை எடுத்துட்டாங்க. அடுத்த வார வெள்ளிக்கிழமை விசாரணையில பதிவேடு சரியானதுதான்னு நீங்க ஒரு வார்த்தை உறுதி சொன்னா போதும்."

அவர் போன பிறகும் கார்பன் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. மனைவி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "என்ன, பிரமோஷன் வந்த நேரத்துல பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றார்.

அந்தப் பூஜ்ஜியம் எப்படி வந்தது என்பதற்கு முகாமின் மருத்துவ அறையைச் சொல்ல வேண்டும். அது ஒரே நீள மண்டபம். ஆறு கட்டில்கள், நடுவில் மருத்துவ அதிகாரியின் மேசை, இடையே ஒரு துணித் திரை. நோயாளி எதைச் சொன்னாலும் ஆறு கட்டில்களுக்கும் கேட்கும். வாசலில் எழுத்தரின் மேசை. பதிவேட்டின் உபாதைப் பத்தியில் ஏழு சொற்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தன: காய்ச்சல், காயம், வயிறு, தோல், கண், பல், இதர. இதர என்று எழுதினால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தளபதிக்கு விளக்கக் குறிப்பு அனுப்ப வேண்டும். அதன் நகல் அந்த வீரனின் பணிக் கோப்பில் ஏறும். ஏறியது இறங்காது. அவன் ஓட்டுநர் பயிற்சிக்குப் போக முடியாது, மேல்நிலைக்குப் போக முடியாது. வெளியேறிய பின் வேலை தேடினாலும் அந்தத் தாள் அவனுக்கு முன்னால் போய் நிற்கும்.

கார்பன் அங்கே சேர்ந்த இரண்டாம் மாதத்தில், பயிற்சிக்கு வந்த நெட்டையன் ஒருவன் வரிசையில் வந்து நின்றான். கழுத்தின் நீளத்தால் அவனை எல்லாரும் ஒட்டகம் என்றார்கள். என்ன உபாதை என்று கேட்டதற்கு அவன் தன் வலக்கையை மேசைமேல் வைத்தான். கை நடுங்கியது, மேசையிலிருந்த பென்சில் உருண்டது. பின்னால் பதினான்கு பேர் நின்றார்கள்.

முகாம் மருத்துவமனையில் கதவுள்ள அறை ஒன்றுதான் இருந்தது. அது பல் மருத்துவருடையது; துளையிடும் இயந்திரத்தின் இரைச்சல் வெளியே கேட்கக் கூடாது என்பதற்காகப் போட்ட கதவு. கார்பன் பதிவேட்டில் பல் என்று எழுதினார். ஒட்டகத்தை அழைத்துப்போய் டாக்டர் முன் நிறுத்தினார்.

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "முப்பத்திரண்டும் முத்து மாதிரி இருக்கே. எங்க வலி?"

"இன்னொரு தடவை பாருங்க, டாக்டர்" என்றார் கார்பன்.

டாக்டர் இரண்டாம் முறை வாயைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். ஒரு மணி நேரம் கழித்து ஒட்டகம் கண்கள் சிவந்து வெளியே வந்தபோது, வரிசையில் நின்றவர்களில் எவரும் எதுவும் கேட்கவில்லை. பல் டாக்டரிடம் போனவன் சிரித்துக்கொண்டா வருவான்? சிகிச்சைப் பத்தியில் எதையேனும் எழுதியாக வேண்டும். "பல் துலக்கும் முறை விளக்கப்பட்டது" என்று கார்பன் எழுதினார்.

அதன்பின் எவரும் எவரிடமும் சொல்லாமலே செய்தி பரவியது. ஐந்தாண்டுகளில் பல் உபாதை முந்நூற்று எண்பத்தாறு. தலைமையகம் ஆண்டுப் புள்ளிவிவரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டது. எல்லா முகாம்களிலும் சேர்த்து இவ்வளவு சொத்தைப் பல் இல்லை. முதலில் தண்ணீரைச் சோதிக்க இருவர் வந்தார்கள். பிறகு நாற்பது பெட்டி பற்பசை வந்தது. அதற்கும் எண்ணிக்கை குறையாததால், ஆளுயரப் பிளாஸ்டர் தாடையொன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு ஓர் அதிகாரி வந்தார். மைதானத்தில் அறுநூறு பேரை உட்கார வைத்து, துடைப்பம் அளவுள்ள தூரிகையால் மேலும் கீழுமாகத் துலக்கிக் காட்டினார். கடைசி நடவடிக்கையாக முகாம் முழுவதற்கும் தேநீரில் சர்க்கரை பாதியாகக் குறைக்கப்பட்டது. சமையல்காரர் கரண்டியோடு மருத்துவ அறைக்கே வந்து, "எவன்யா அந்தச் சொத்தைப் பல்லன்? ஆளைக் காட்டு, நானே பிடுங்குறேன்" என்று நின்றார். வரிசையில் இருந்த அனைவரும் தரையைப் பார்த்தார்கள்.

தணிக்கைக்காரர்கள் மூன்று முறை வந்தார்கள். கூட்டல் சரி, கையெழுத்து சரி, நகல் சரி. சான்றிதழ் வந்தது.

ஆய்வு அலுவலர் வந்துபோன அன்று மாலை ஐந்தரை மணிக்கு, கார்பன் பெஞ்சில் உட்காராமல் நேரே உள்ளே போனார்.

"டாக்டர், மாட்டிக்கிட்டோம்."

முழுவதையும் கேட்ட டாக்டர் கையுறையைக் கழற்றியபடி, "இதுல யோசிக்க என்ன இருக்கு? போய் உண்மையைச் சொல்லு" என்றார்.

"உங்களுக்கென்ன, சுலபமா சொல்லிட்டீங்க. எழுதினது யாரு? என் கை. பொய்யா எழுதினான்னு ஆச்சுன்னா, நான் எழுதின மத்த ஆறாயிரத்துச் சொச்சமும் பொய்யாத்தானே தெரியும்? எனக்கு வீடு வாசல்னு என்ன பெருமை இருக்கு? இவன் எழுதினா சரியா இருக்கும்னு ஒரு பேரு. அது ஒண்ணுதான்."

"அப்போ வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போறே?"

"பதிவேடு சரின்னு சொல்லிட்டா, அந்த ஆலோசகர் பதவி போயிடும்."

"போயிடும்."

"சரியில்லைன்னு சொன்னா, நான் போயிடுவேன்."

"ஆமா" என்றார் டாக்டர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களில் தாமும் ஒருவர் என்பது அவருக்குத் தெரியும். அன்று விவாதம் நடக்கவில்லை.

அடுத்த ஐந்து நாட்களில் கார்பன் தம் பேச்சை நான்கு முறை திருத்தினார். நான்கிலும் கட்டாயப் பணியின் நன்மைகள் இருந்தன; பதிவேட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தபால் நிலையத்திலிருந்து திரும்பிய மனைவி குப்பைக்கூடையைப் பார்த்தார். அந்த வீட்டில் எந்தத் தாளும் கசங்கிக் கிடந்ததில்லை.

"ஏங்க, என்னன்னு சொல்லிடுங்க. நீங்க காகிதத்தைக் கசக்குற அளவுக்கு வந்துட்டீங்கன்னா விஷயம் பெருசு."

சாப்பாட்டு மேசையில் மனைவியிடமும் பதினேழரை வயது மகளிடமும் கார்பன் சொன்னார். பல், கதவு, பற்பசை, பிளாஸ்டர் தாடை எல்லாம். மனைவி சர்க்கரைக் கதைவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சமையல்காரர் கரண்டியோடு வந்த இடத்தில் அடக்க முடியவில்லை. "அறுநூறு பேர் டீயில கை வச்ச மனுஷன், ரசீது சரியில்லைன்னு சலவைக்காரரோட சண்டை போடுறார்" என்று சொல்லிச் சிரித்தார்.

மகள் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, சட்டம் வந்தா முதல் பட்டியல்ல நான்தானே இருக்கேன்?"

"ஆமா, பாப்பா."

"போறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. ஆனா அங்க போய் ஒரு நாள் எனக்கு முடியலேன்னா, நான் எந்தக் கதவைத் தட்டணும்? எல்லா முகாம்லயும் உங்க டாக்டர் இருப்பாரா?"

கார்பன் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, தாளின் அடியில் கார்பன் வைத்து ஐந்தாம் முறையாக எழுத உட்கார்ந்தார்.

விசாரணை நகர மண்டபத்தில் காலை பத்து மணிக்குத் தொடங்கியது. நூற்றிருபது நாற்காலிகள், ஏறக்குறைய அனைத்தும் நிறைந்திருந்தன. குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதியான ஓர் அம்மையார். ஐந்தாவதாக அழைக்கப்பட்ட கார்பன் நிமிர்ந்து நின்று வாசித்தார்.

"கட்டாயப் பணியை நான் ஆதரிக்கிறேன். அதற்கான காரணங்கள் இரண்டாம் பக்கத்தில் உள்ளன. முதல் பக்கம் வேறு விஷயம். குழு முன்மாதிரியாகக் கொண்டிருக்கும் பதிவேடு தவறானது. தவறாக எழுதியவன் நான்."

மண்டபத்தில் நாற்காலிகள் நகரும் ஓசை கேட்டது. அவர் நிறுத்தாமல் வாசித்தார். முடித்ததும் நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"பதிவேட்டுல தெரிஞ்சே பொய் எழுதுறது குற்றம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும், அம்மா. அந்த விதியை டைப் அடிச்சு நோட்டீஸ் போர்டுல ஒட்டினதே நான்தான்."

"ஒட்டிட்டு?"

"ஒட்டிட்டுத் திரும்பி வந்து, பல்லுன்னு எழுதினேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். குழுவின் உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டு, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் வந்து சொல்வதை வைத்து ஆவணத்தை எப்படி மறுப்பது, இதற்குச் சாட்சி உண்டா என்று கேட்டார். டாக்டர் முன்வரிசையில் எழுந்தார். அவருக்கு முன்பே கடைசி வரிசையிலிருந்து ஒரு நெட்டை உருவம் எழுந்துவிட்டது. அந்த மண்டபத்தின் லிஃப்டைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக், இடுப்பில் கருவிப்பை.

"அண்ணே, நான் சொல்லிடவா?" என்று கார்பனைப் பார்த்துக் கேட்டார்.

"உன் இஷ்டம்ப்பா. நான் பேரு சொல்ல மாட்டேன்" என்றார் கார்பன்.

"அதான் பேரே சொல்லாம ஒட்டகம்னுதானே எல்லாரும் கூப்பிட்டீங்க." மெக்கானிக் குழுவின் பக்கம் திரும்பினார். "முதல் பல்வலி நான்தாங்க. என் பல்லு அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னைக்கும் முப்பத்திரண்டும் இருக்கு. வேணும்னா எண்ணிப் பாத்துக்கலாம். இருபது மாடிக்கு மேல கயித்துல தொங்கி வேலை பாக்குறேன், கை நடுங்கினதில்ல. அன்னைக்கு அந்தக் கதவு இல்லேன்னா எங்க இருந்திருப்பேனோ தெரியாது."

நீதிபதி தம் முன்னிருந்த கோப்பைப் புரட்டினார். பிறகு ஆய்வு அலுவலரிடம் குனிந்து ஏதோ கேட்டார். முடிவு இவ்வாறு பதிவாயிற்று: பத்து நாட்களுக்குள், ஒவ்வொரு தவறான பதிவுக்கும் ஒரு திருத்தச் சீட்டு, எழுதியவரும் மருத்துவரும் கையெழுத்திட்டு அளிக்க வேண்டும். சீட்டில் பெயரோ படை எண்ணோ கூடாது. பல் பதிவுகளின் வரிசை எண் போதும். திருத்தம் உரிய வடிவில் வந்து சேர்ந்தால், பூஜ்ஜியம் என்ற வாக்கியம் நீக்கப்படும். ஆலோசகர் பதவி மறுபடி பரிசீலிக்கப்படும். பொய்ப் பதிவு பற்றிய நடவடிக்கையைப் படைத் துறை தனியே முடிவு செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சாப்பாட்டு மேசையில் வேலை தொடங்கியது. ஆய்வு அலுவலர் அனுப்பிய பதிவேட்டுப் படிகள் ஒரு பக்கம், வெற்றுச் சீட்டுகள் மறுபக்கம். மனைவி வரிசை எண்ணையும் படை எண்ணையும் வாசிக்க, டாக்டர் நினைவுகூர, கார்பன் எழுதினார். பல்லின் எண் குறிக்கப்பட்ட நூற்று முப்பத்தொரு பதிவுகள் மெய்யான பல்வலி, அவற்றை ஒதுக்கினார்கள். மீதி இருநூற்று ஐம்பத்தைந்திலும் பல் துலக்கும் முறை விளக்கப்பட்டிருந்தது.

"நில்லு. எண்பத்தி ஏழு" என்றார் டாக்டர். "இவனுக்கு நெஜமாவே துலக்கத் தெரியாது. பிரஷ்ஷைத் திருப்பிப் பிடிச்சிருந்தான். இது உண்மைப் பதிவு, கை வைக்காதே."

"உறுதியாவா?"

"மறக்கிற வாயா அது?"

இப்படி ஐந்து பேர் உண்மையாகவே துலக்கத் தெரியாதவர்கள் என்று நிரூபணமாகி வெளியேறினர். ஐந்து மணியளவில் சீட்டுகள் முடிந்தன. கார்பன் எண்ணினார். இருநூற்று நாற்பத்தொன்பது. அந்த எண்ணை முகப்புத் தாளில் எழுதி, கையெழுத்திடப் பேனாவைத் திறந்தார்.

"இருங்க" என்றார் மனைவி. முப்பது ஆண்டுகள் எண்களைப் பிரித்துப் போட்ட விரல் பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளியது. "இருநூத்தி ஐம்பத்தைஞ்சுல ஐஞ்சு போனா இருநூத்தி ஐம்பது. ஒரு சீட்டு குறையுது."

"எங்கயாவது தப்பா எண்ணியிருப்பே."

"நான் தப்பா எண்ண மாட்டேன், நீங்களும் எண்ண மாட்டீங்க. மதியம் நான் கை கழுவப் போயிட்டு வந்தப்ப ஒரு பக்கம் தானாவே திரும்பியிருந்துச்சு." விரல் நின்றது. "இதோ. இருநூத்தி மூணு."

டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கார்பன் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

மனைவி அந்த வரியின் படை எண்ணைச் சத்தமாக வாசிக்கவில்லை. அதை வாசிக்கத் தேவையில்லை. ஒன்பது ஆண்டுகள் வாரம் ஒரு கடிதம் என்று அந்த எண்ணைத்தான் உறையின்மேல் எழுதியிருந்தார்.

"நீங்களா?"

கார்பன் தலையசைத்தார். பயிற்சி லாரி ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து மூன்று பேர் இறந்த மாதம் அது. மூன்று வீட்டுக்கும் செய்திக் கடிதத்தை எழுதியது மருத்துவ அறை எழுத்தர். அப்போதும் அடியில் கார்பன் வைத்துத்தான் எழுதினார். அதனால் மூன்று கடிதங்களின் நகலும் அவருடைய மேசை இழுப்பறையிலேயே கிடந்தன. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் மேலே இருந்தன. நான்காம் வாரம், வரிசையில் எவரும் இல்லாத ஒரு நேரத்தில், அவரே தம் எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அந்தக் கதவைத் தட்டியிருக்கிறார்.

"உனக்குத் தெரிய வேண்டாம்னு நினைச்சேன்" என்றார்.

"அந்த வருஷம் லீவுல வந்தப்ப பதினாறு நாள். பதினாறு நாளும் நீங்க தூங்கல."

"நீ தூங்கிட்டுத்தானே இருந்தே?"

"தூங்குற மாதிரி இருந்தேன். ஜன்னல் கம்பியை எண்ணிக்கிட்டே படுத்திருந்தீங்க. மொத்தம் ஒன்பது கம்பி. நானும்தான் எண்ணினேன்."

 மனைவி வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்துக் கணவர் முன் வைத்தார். அதன் அடியில் கார்பன் தாளையும் தாமே வைத்தார்.

"எழுதுங்க. வரிசை எண் இருநூத்தி மூணு. பதிவானது, பல். திருத்தம்..." அவர் சற்று யோசித்தார். "தூக்கமின்மை. எத்தனை நாள்னு போடணுமா?"

"போடணும்."

"எத்தனை நாள்?"

"மூணு மாசம் இருக்கும்."

"அப்போ அதைப் போடுங்க. சாட்சின்னு இடம் இருந்தா நானும் கையெழுத்துப் போடுறேன்."

"சாட்சிக்கு இடமில்ல. டாக்டர் கையெழுத்துத்தான்."

"நானும் அந்தப் பதினாறு நாள் ராத்திரி டூட்டி பாத்திருக்கேன். டாக்டர் அண்ணா, கொஞ்சம் தள்ளி ஓரமா போடுங்க, எனக்கும் இடம் வேணும்."

டாக்டர் வந்து கையெழுத்திட்டார். "சிகிச்சைன்னு எழுதியிருக்கியே, துலக்கும் முறை விளக்கப்பட்டதுன்னு. இதையும் அடிச்சுடலாமா?"

கார்பன் அந்த வரியைப் பார்த்தார். "அதை விட்டுடுங்க, டாக்டர். ஒரு மணி நேரம் பேசி முடிச்சிட்டு, கிளம்பும்போது நீங்க அதையும் சொல்லித்தான் அனுப்பினீங்க. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே இல்லைன்னு. ஐஞ்சு வருஷத்துல நான் எழுதின அந்த வாக்கியத்துல இது ஒண்ணாவது உண்மை."

"ஒண்ணு இல்ல, ஆறு" என்றார் டாக்டர். "அந்த ஐஞ்சு பேரை மறந்துட்டே."

முகப்புத் தாளில் இருநூற்று நாற்பத்தொன்பது என்பதை ஒரு கோட்டால் அடித்து, மேலே இருநூற்று ஐம்பது என்று எழுதி, அருகில் சுருக்கொப்பமிட்டார் கார்பன். மனைவி கட்டைக் கையில் தூக்கிப் பார்த்து, எடையைச் சொல்லி, நாளைக் காலை தாமே பதிவுத் தபாலில் சேர்ப்பதாக எடுத்து வைத்துக்கொண்டார்.

படைத் துறையிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அடுத்த மாதம் வந்தது. சான்றிதழைத் திருப்பி அனுப்புமாறும் அதில் கேட்டிருந்தார்கள். கார்பன் அதைச் சட்டத்திலிருந்து கழற்றி, நகல் எடுத்துக்கொண்டு, அனுப்பினார். குழுவின் இறுதி அறிக்கையில் ஒவ்வொரு முகாமுக்கும் ஓர் ஆலோசகரும், அவருக்குக் கதவுள்ள தனி அறையும் இருக்க வேண்டும் என்ற பரிந்துரை ஏறியது. கட்டாயப் பணி வேண்டுமா என்பதில் குழு மூன்றுக்கு இரண்டு எனப் பிரிந்தது. சட்டம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. மாலை ஐந்தரை மணிக்கு அந்தப் பெஞ்சிலும்தான். ஆனால் இப்போது கார்பனின் மனைவியும் தபால் நிலையத்திலிருந்து நேரே அங்கு வந்துவிடுகிறார். ஒருநாள் கணவர் கட்சியிலும் மறுநாள் டாக்டர் கட்சியிலுமாக அவர் பேசுவதால், விவாதம் முன்னைவிட நீள்கிறது. விளக்கை அணைக்க டாக்டர் மூன்று முறை எழ வேண்டியிருக்கிறது.